ராசம்மாள் பேரில் இருந்த மூன்று மா

தன் நிலம் தன் பேரில் இல்லை என்பது ராசம்மாளுக்குத் தெரிந்தது ஒரு சம்பா அறுவடை முடிந்த கையோடு. நெல், கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவிந்து கிடந்தது. அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தாள். இன்ன நிலத்தில் இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதித் தரும் சான்று அது. அது இல்லாமல் அரசாங்கம் நெல்லை எடுக்காது. வருஷம் தவறாமல் வாங்குகிற காகிதம்தான். அன்றைக்கு வி.ஏ.ஓ. கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நிலத்தைக் கொடுத்துட்டீங்களா?"

"எந்த நிலத்த சார்?"

"ரோட்டடி நிலத்தத்தான். பட்டா வேற பேருக்கு மாறியிருக்கே. கார்த்திகையிலயே மாறிடுச்சு."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "நேத்துதான் சார் அறுத்துட்டு வந்தேன். வேற நம்பரப் பாத்திருப்பீங்க. நல்லாப் பாருங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ராசம்மாள் அஞ்சாவது வரை படித்தவள். பட்டாதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. மனை போட்டு விற்கிற ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. பத்திரம் பதிவானால் உட்பிரிவு இல்லாத நிலத்துக்குப் பட்டா தானாகவே மாறிவிடும் வசதி வந்திருக்கிறது என்று வி.ஏ.ஓ. விளக்கினார். யாரும் யாரையும் வந்து கேட்க வேண்டியதில்லையாம். ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று செய்த ஏற்பாடு.

களத்தில் கிடந்த நெல்லை அவள் அன்று சாயங்காலமே தனியார் வியாபாரிக்கு, அவன் சொன்ன விலைக்கு, அள்ளிவிட்டாள்.

அந்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவே, ரோட்டை ஒட்டி இருந்தது. ராசம்மாள் முதன்முதலில் அதில் கால் வைத்தது கூலி நடவுக்காரியாக. அப்போது அது சென்னைக்குப் போய்விட்ட ஒரு மிராசுதார் குடும்பத்து நிலம். அவள் புருஷன் இராஜாங்கம் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், இளமையை எல்லாம் அங்கே விட்டு, இடுப்பு எலும்பு நகர்ந்து திரும்பி வந்தான். அவன் சம்பாதித்து அனுப்பியதில் வீடு கட்டலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ராசம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வம்சத்தில் யார் பேரிலும் அதுவரை ஒரு குழி நிலம் பதிவானது கிடையாது. மிராசுதாரின் மகன் விற்க வந்தபோது அவள்தான் முன்னால் நின்று பேசினாள். "உன் பேர்லயே இருக்கட்டும் புள்ள. வயல்ல நிக்கப்போறது நீதான்," என்று இராஜாங்கம் சொன்னான். அவள் பேரிலேயே பதிந்தார்கள்.

அதன்பின் அவள் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். நாற்று விடுவதும் வரப்போரம் அண்டை வெட்டுவதும் மடை பார்ப்பதும் அவளே. மகள் தமிழ்நிலா லேப் டெக்னீசியன் படிப்பு படித்தது அந்த நெல்லில்தான். இப்போது அவள் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள்.

செய்தி கேட்டதும் தமிழ்நிலா லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவும் மகளும் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கினார்கள். எழுதிக் கொடுப்பவர்: இராஜாங்கம் மனைவி ராசம்மாள். கதவு எண் சரி. ஆதார் எண்ணும் சரி. அசல் பத்திரம் தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று ஒரு போலீஸ் சான்று இணைத்திருந்தார்கள். அசல் பத்திரமோ வீட்டில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு போட்டோ. பதிவு நடக்கும்போது அங்கேயே எடுத்தது. அதில் ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடுங்கிய கன்னம், நெற்றியில் திருநீறு, பயந்தவள் மாதிரி அகலத் திறந்த கண். அந்த முகத்துக்குக் கீழே ராசம்மாள் என்று எழுதியிருந்தது.

"யாரும்மா இது?"

"தெரியலயே. இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."

சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று அவளுக்குத் தெரிந்ததுதான். வீரையன். நிலத் தரகர். ரோடு அகலமாகப் போகிறது என்று பேச்சு வந்ததிலிருந்து இரண்டு தடவை வீட்டுக்கு வந்து விலை பேசிப் பார்த்தவர். "விக்கிறதா இல்லண்ணே," என்று அவள் மோர் கொடுத்து அனுப்பினாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் வரவில்லை. வேறொரு ராசம்மாளைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

போலீசில் புகாரை வாங்கி வைத்தார்கள். வீரையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த அம்மாளை யாரோ கூட்டிவந்தார்கள், கேட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். நிலத் தகராறு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவளிடம் சொன்னார்கள்.

தஞ்சாவூரில் செழியன் என்றொரு வக்கீலிடம் தமிழ்நிலா அம்மாவை அழைத்துப் போனாள். நிதானமான ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒரு நல்ல காலம்மா," என்றார். "முன்னெல்லாம் இந்த மாதிரி வந்தா கோர்ட்டுல வழக்குப் போடுறது ஒண்ணுதான் வழி. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் இழுக்கும். இப்ப பதிவுச் சட்டத்துல புதுசா ஒரு பிரிவு கொண்டாந்திருக்காங்க. எழுபத்தேழு ஏ. ஆள்மாறாட்டம் பண்ணிப் பதிஞ்ச பத்திரத்த மாவட்டப் பதிவாளரே விசாரிச்சு ரத்து பண்ணலாம். உங்க பத்திரம் அந்தச் சட்டம் வந்தப்புறம் பதிஞ்சது. அதனால அதுவும் பிரச்சனை இல்ல."

"கோர்ட்டுக்குப் போக வேணாமா சார்?"

"வேணாம்."

அந்த வருஷம் முழுக்க அவள் தஞ்சாவூருக்கு அலைந்தாள். அதற்குள் கம்பெனிக்காரர்கள் நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றிவிட்டார்கள். ரோட்டோரம் கம்பெனி பேர் போட்ட வளைவு வைத்தார்கள். மனைகள் விற்கத் தொடங்கின. அவள் போய்ச் சண்டை போட்டால் வேலைக்கு வந்தவர்கள், "எங்களுக்கு என்னம்மா தெரியும்," என்றார்கள்.

விசாரணையில் எல்லாரையும் விட முக்கியமானவள் அந்தப் போட்டோவில் இருந்த பெண்தான். அவளைத் தேடிப் பிடித்தவன் இராஜாங்கம். போட்டோவைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, வளைந்த இடுப்போடு, பஸ் பஸ்ஸாக ஏறி ஊர் ஊராகக் காட்டினான். கடைசியில் பார்த்தால், அவள் கல்லணைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சாவித்திரி. புருஷன் இல்லாதவள். இராஜாங்கம் காட்டியதும் அவள் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உட்கார்ந்து அழுதாள். உதவித்தொகை எழுதி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்களாம். உன் பேர் ராசம்மா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லு, வேறு எதுவும் பேசாதே என்றார்களாம்.

மாவட்டப் பதிவாளர் முன்னால் சாவித்திரி வந்து நின்றாள். கம்பெனி வக்கீல் அவளை மிரட்டிப் பார்த்தார். அவள் ஒரே வார்த்தையில் நின்றாள். "நான் ராசம்மா இல்லய்யா. அந்தா நிக்கிறாங்களே, அவங்கதான் ராசம்மா. நான் பண்ணது தப்பு. என்ன வேணா எழுதிக்கங்க."

வெளியே வந்தபோது ராசம்மாளுக்கு அவளை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் கால் வீங்கியிருந்ததையும், சர்க்கரை வியாதிக்காரி போலப் பாதத்தில் துணி சுற்றியிருந்ததையும் பார்த்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு பேரும் நின்று டீ குடித்தார்கள்.

உத்தரவு வந்தது. பத்திரம் ரத்து. மோசடி, ஆள்மாறாட்டம் என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ராசம்மாள் அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள். பட்டாவைத் திரும்ப அவள் பேருக்கு மாற்றத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள்; அது அங்கேயே கிடந்தது. கல்லையெல்லாம் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். அந்த வருஷம் மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்கவில்லை. பக்கத்துக்காரரின் போர்த் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குறுவை நட்டாள். நட்ட பயிர் பச்சை பிடித்தபோது இராஜாங்கம் வரப்பில் வந்து உட்கார்ந்து, ரொம்ப நாள் கழித்து, தன் இடுப்பு வலியைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசினான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கி வரப்போரம் நின்று வயலையே பார்த்தாள். பெயர் நிலோஃபர். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். புருஷன் குவைத்தில் டிரைவர்.

"இதுல எங்க மனை ஒண்ணு இருக்குக்கா," என்றாள். "அந்தா, அந்த மூலையில. வடக்குப் பார்த்தது."

ராசம்மாள் பறித்த களையைக் கீழே போட்டாள். "ஏமாத்திட்டாங்கம்மா உங்கள. இது என் நிலம்."

"தெரியும்க்கா. பதிவு ஆபீசுல சொன்னாங்க. கம்பெனில கேட்டா, கேஸ் நடக்குது, ஜெயிச்சிருவோம், பொறுத்துக்கங்கங்கிறாங்க. நாங்க எல்லாம் பாத்துதான் வாங்கினோம். வில்லங்கம் போட்டுப் பாத்தோம். பட்டா பாத்தோம். வக்கீல் கிட்டக் காட்டினோம். எல்லாமே சரியா இருந்துச்சு."

"நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாதேம்மா."

"நான் ஒண்ணும் கேக்க வரலக்கா." நிலோஃபர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவர்கிட்ட இன்னும் சொல்லல. அங்க ஒத்தையா இருக்காரு. சொன்னா தாங்க மாட்டாரு."

அவள் திரும்பிப் போகும்போது செருப்பில் சேறு அப்பியிருந்தது. ராசம்மாள் வாய்க்காலில் கழுவிக்கொள்ளச் சொன்னாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பதிவாளருடைய உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றம் போயிருந்தது. இதே மாதிரி தமிழ்நாடு முழுக்கப் பலர் போயிருந்தார்கள். குறுவை அறுவடைக்கு ஆளும் மிஷினும் தேடிக்கொண்டிருந்த நாளில் செழியன் போன் பண்ணி வரச் சொன்னார். குரலிலேயே தெரிந்தது.

"தீர்ப்பு வந்திடுச்சும்மா. எழுபத்தேழு ஏ பிரிவே அரசியல் சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அதுல போட்ட நம்ம உத்தரவும் போயிடுச்சு."

ராசம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தப் பத்திரத்துல இருக்கிறது நான்தான்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா. அதப்பத்தி எதுவுமே சொல்லல. நீங்க சரியா, கம்பெனி சரியாங்கிறதுக்குள்ளயே அவங்க போகல. ஒரு சொத்து யாருக்குங்கிறத முடிவு பண்ணுற வேலை கோர்ட்டோடது, பதிவுத் துறை அதிகாரியோடது இல்ல. அவ்வளவுதான் தீர்ப்பு."

"சாவித்திரி வந்து சொன்னாளே சார். அவரு முன்னாடியே சொன்னாளே."

"சொன்னாங்க. ஆனா அதக் கேக்குற அதிகாரமே அவருக்கு இல்லன்னு ஆயிடுச்சு."

தமிழ்நிலாவுக்குக் கோபம் வந்தது. "அரசாங்கம்தானே சார் சட்டம் போட்டுச்சு? நாங்களா போட்டோம்? அதுல போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

செழியன் அவள் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா. நான்தான் சொன்னேன். சீக்கிரமா முடியிற வழின்னு இருந்தது அதுதான். ஆனா தீர்ப்பையும் முழுசாத் தப்புன்னு சொல்ல மனசு வரல. இதே அதிகாரத்த வச்சு நாளைக்கு யாரோ ஒரு அதிகாரி உங்க நெசப் பத்திரத்தயும் ரத்து பண்ணியிருக்கலாம். எங்கெங்கயோ அப்படியும் நடந்திருக்கு. சிவில் கோர்ட்டுல வழக்குப் போடுவோம். நம்ம பக்கம் உண்மை இருக்கு."

"எவ்வளவு காலம் ஆகும் சார்?" என்று ராசம்மாள் கேட்டாள்.

அவர் மேஜை மேல் இருந்த கேஸ் கட்டுகளைக் காட்டினார்.

குறுவையை அறுத்தாள். அதோடு சரி. சம்பாவுக்கு உழ டிராக்டர் சொல்லப் போன நாளில் நிலத்தில் டிப்பர் லாரிகள் நின்றன. கிராவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, பொக்லைன் வைத்து நிரவிக்கொண்டிருந்தார்கள். ரோட்டு மட்டத்துக்கு நிலம் மேடாகிவிட்டது. அவள் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். போலீஸ் வந்து, பத்திரமும் பட்டாவும் அவர்கள் பேரில் இருக்கிறது, தடை உத்தரவு இருந்தால் காட்டு என்றது. அவள் லேமினேட் செய்த உத்தரவைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்துவிட்டு, மரியாதையாகவே, "இது இப்ப செல்லாதும்மா," என்று திருப்பிக் கொடுத்தார்.

கிராவல் கொட்டியதில் வாய்க்கால் கிளை ஒன்றும் மூடிப்போனது. கீழ்ப்பக்கத்து வயல்காரர்கள் அவளிடம் வந்து சத்தம் போட்டார்கள். அவள் நிலம் என்றுதானே இன்னும் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்.

சிவில் வழக்குப் போட்டார்கள். இடைக்காலத் தடை கேட்டார்கள். பட்டா அவர்களிடம், சுவாதீனமும் இப்போது அவர்களிடம் என்று மனு தள்ளுபடியானது. முக்கியமான சாட்சி சாவித்திரிதான், அவளை மறுபடி கூட்டிவந்து கோர்ட்டில் சொல்லவைத்தால் பாதி வழக்கு முடிந்தது என்று செழியன் சொன்னார். இராஜாங்கத்தால் இப்போது பஸ் ஏற முடியவில்லை. ராசம்மாளே கல்லணைப் பக்கம் போனாள்.

சூளையில் சாவித்திரி இல்லை. குடிசையைக் கேட்டுக்கொண்டு போனால் அவள் அக்காள் மகள் மட்டும் இருந்தாள்.

"சின்னம்மா போயிடுச்சுங்க. ஆவணியில. கால் அழுகி, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில எடுக்கணும்னாங்க. எடுக்குறதுக்குள்ள போயிடுச்சு."

ராசம்மாள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க யாருங்க, சொந்தமா?"

"இல்லம்மா. அவ பேரும் என் பேரும் ஒண்ணுன்னு ஒருத்தன் பண்ணிட்டான். அத அவளே வந்து இல்லன்னு சொன்னா. இன்னொரு தடவ சொல்லணும்னு வந்தேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிப் போட்ட படம். பூ போட்டிருந்தது. ராசம்மாள் அதைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பதிவாளர் ஆபீசில் சாவித்திரி கொடுத்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் காட்டிப் பார்க்கலாம் என்று செழியன் சொன்னார். கம்பெனி அதை ஒத்துக்கொள்ளாது, அதிகாரமில்லாத இடத்தில் சொன்ன பேச்சு என்று வாதாடும் என்றும் அவரே சொன்னார். மிச்சம் இருப்பது பத்திரத்தில் பதிந்த கைரேகை. அதை நிபுணருக்கு அனுப்ப மனு போட்டிருக்கிறார்கள். அது மூன்று வாய்தாவாகக் கிடக்கிறது. நீதிபதி மாறிப் போனார். புதியவர் இன்னும் வரவில்லை.

மனை வாங்கியவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நிலோஃபரும் அதில் ஒருத்தி. கோர்ட்டு வராந்தாவில் பார்க்கும்போது அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விடுவாள். குவைத்திலிருந்து புருஷன் வந்துவிட்டார், விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் சரியாகப் பேசுவதில்லை என்றாள். பேங்கில் வீட்டுக்கடன் தர மறுத்துவிட்டார்கள். விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. "நீங்க ஜெயிச்சா எனக்குப் போச்சு, நான் ஜெயிச்சா உங்களுக்குப் போச்சு. ரெண்டு பேரும் தோத்தா நல்லாயிருக்கும்னு சில நேரம் தோணுதுக்கா," என்றாள் ஒரு நாள்.

இராஜாங்கம் இந்தத் தையில் இறந்துபோனான். படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "விட்டுரு புள்ள," என்றான். "கேஸு ஜெயிச்சாலும் அது இனிமே வயலா வராது. கிராவலுக்குக் கீழ என்ன நெல்லு மொளைக்கும்? தமிழ்நிலாவப் பாரு. அது சம்பளத்துல பாதி வக்கீலுக்குப் போவுது."

"விட்டா அந்தக் கையெழுத்த நான் போட்டதா ஆயிடும்ங்க."

"ஆனா ஆயிட்டுப் போவுது."

அவள் தலையணையைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தாள். அவன் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் தரப்பில் சாட்சி சொல்ல வேண்டிய இரண்டாவது ஆள் அவன். காரியம் முடிந்த மறுநாள் தமிழ்நிலா இறப்புச் சான்றிதழை செழியனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ராசம்மாள் இப்போது மறுபடி கூலி நடவுக்குப் போகிறாள். ஐம்பத்தெட்டு வயதாகிறது, முன்போல் குனிய முடிவதில்லை. அதனால் நாற்று முடி பிரித்துப் போடும் வேலையைக் கொடுக்கிறார்கள். போன மாதம் ரோட்டடியில், கம்பெனி மனைக்கு நேர் கிழக்கே உள்ள வயலில் நடவு. வாய்க்கால் அடைபட்டதால் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கிராவல் மேட்டில் சீமைக்கருவேலம் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. வளைவில் ஒரு பக்கத்து எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி, வெளியூர்க்காரி, கரையேறிச் சோறு தின்னும்போது கேட்டாள்.

"இது யார் இடம்க்கா, இப்படிச் சும்மா கிடக்கு?"

மற்றவர்கள் ராசம்மாளைப் பார்த்தார்கள். அவள் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு, "கேஸுல இருக்கு," என்றாள். பிறகு நேரமாகிவிட்டது என்று வயலில் இறங்கினாள்.